மாதிரி என்ஜினுக்கு எழுத்து வைத்தல்

வண்ணம் பூசி முடித்த மாதிரி ரயில் என்ஜின் ஒரு வகையைத்தான் காட்டும். எழுத்து ஏறிய பிறகே அது ஒரு குறிப்பிட்ட என்ஜினாகும். நீலம் பூசிய ஒய்.டி.எம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் என்ஜின் எந்த ஒய்.டி.எம்-4 ஆகவும் இருக்கலாம். கேபினின் பக்கத்தில் 6 என்று தொடங்கும் நான்கு இலக்க எண்ணும், அதன் கீழ் என்ஜின்களைப் பராமரிக்கும் பொன்மலை ஷெட்டைக் குறிக்கும் ஜி.ஓ.சி. என்ற எழுத்துகளும், ஓரத்தில் பொடியாகப் பழுதுபார்ப்புத் தேதியும் வந்து அமர்ந்த பிறகே, மீட்டர் கேஜ் காலத்தில் திருப்பாதிரிப்புலியூர் வழியாக மயிலாடுதுறைக்குப் பயணிகள் வண்டியை இழுத்துச் சென்ற அந்த ஒரே என்ஜின் நம் மேசைமேல் நிற்கிறது. எங்கள் கடலூர்ப் பாதை 2010-ஆம் ஆண்டில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டுவிட்டது. பழைய என்ஜின்களைக் கடலூரில் இனி மாதிரியாகத்தான் பார்க்க முடியும் என்பதால், அவற்றின் எழுத்தைச் சரியாக வைப்பதை நான் சிறிய வேலையாகக் கருதுவதில்லை.

எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, மாதிரி செய்கிறவர்கள் பல சமரசங்களை ஏற்றுக்கொள்கிறோம். நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டர் அந்த அளவில் ஏறத்தாழ 19.3 மில்லிமீட்டராக வர வேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் தண்டவாளமும் அடிச்சட்டமும் 16.5 மில்லிமீட்டர் என்பதால் பெரும்பாலோர் அதிலேயே ஓட்டுகிறோம். பார்ப்பவரின் கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது. எழுத்தை அது பொறுத்துக்கொள்வதில்லை. எண் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினால் உண்மை என்ஜினில் அது 43 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியதாகும். எழுத்தின் கோடு இருமடங்கு தடித்துவிட்டால், என்ஜினை நாள்தோறும் பார்த்தவர்கள் என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தவறு இருப்பதை உடனே உணர்ந்துவிடுவார்கள்.

அமெரிக்க, பிரிட்டிஷ் என்ஜின்களைச் செய்கிறவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் மைக்ரோஸ்கேல் நிறுவனம் பல ரயில்வே கம்பெனிகளின் எழுத்தையும், வகைக்கும் காலத்துக்கும் ஏற்ப, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகால் தாள்களாக அச்சிட்டு விற்கிறது. இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக்கல் மாடல் ரயில்வே சொசைட்டி, பழைய கம்பெனிகளின் எழுத்துகளைப் பிரஸ்ஃபிக்ஸ், மெத்ஃபிக்ஸ் என்ற இரு முறைகளில் வெளியிட்டது. முன்னதை அழுத்தி ஒட்டலாம்; பின்னதை ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்த கரைசலால் ஒட்ட வேண்டும். அந்த நாடுகளின் ரயில்வேக்கள் எழுத்துக்கு வரைபடம் போட்டு, உயரமும் இடைவெளியும் குறித்து, எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்பி வைத்த காரணத்தால் ஒரே தாள் பல என்ஜின்களுக்குப் பொருந்துகிறது.

நம் என்ஜின்களின் நிலை வேறு. எண்ணும் வகைப்பெயரும் இன்னவை என்று விதி உண்டு என்றாலும், அவற்றை நெடுங்காலம் எழுதியது அந்தந்த ஷெட்டின் ஓவியரின் கை. பொன்மலையில் எழுதிய 6-க்கும் ஈரோட்டில் எழுதிய 6-க்கும் வளைவு வேறுபடும். ஒரே ஷெட்டிலேயே ஆள் மாறினால் எழுத்தும் மாறும். அண்மைக் காலத்தில் பல என்ஜின்களுக்கு வினைல் ஸ்டிக்கர் வந்துவிட்டதால் எழுத்து ஒரே சீராகிவிட்டது. ஆனால் 20 ஆண்டுகளுக்கு முந்தைய என்ஜினைச் செய்கிறவர் கணினியில் இருக்கும் எந்த எழுத்துருவையும் நம்பி இறங்க முடியாது. ஓர் எழுத்துருவைத் தேர்ந்து, அதில் எண்ணைத் தட்டி, அச்சிட்டு ஒட்டுவது எளிய வழிதான். அப்படிச் செய்த மாதிரிகளில் வண்ணமும் வெல்டிங் கோடும் கைப்பிடிக் கம்பியும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கேபின் பக்கத்தைப் பார்த்த உடனே அது அலுவலக அச்சு என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே என் வழி ஒன்றுதான்: ஓர் என்ஜினை, ஒரு காலத்தை, முடிந்தால் ஒரே புகைப்படத்தைத் தேர்ந்து, அதில் உள்ள எழுத்தையே வரைந்தெடுப்பது.

காலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வண்ணமும் எழுத்தும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். தென்னிந்திய ரயில்வே, மதராஸ் தென்மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14-ஆம் நாள். அதற்கு முந்தைய கடலூர் நீராவி என்ஜினின் டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியில், தெற்கு ரயில்வேயின் எழுத்து இருக்க முடியாது. டபிள்யூ.டி.எம்-2 என்ற அகலப்பாதை டீசல் என்ஜின்களைப் பின்னாளில் புதுப்பித்துக் கட்டியபோது எண்ணின் கடைசியில் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அந்த ஆர் இருந்தால் பழைய வண்ணம் பூசக் கூடாது, பழைய வண்ணம் வேண்டுமென்றால் ஆர் கூடாது. வாராணசி என்ஜின் தொழிற்சாலை 2020 அக்டோபரில் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறியது. எனவே அந்தப் பெயர் தாங்கிய எழுத்தை 2015-ஐக் காட்டும் மாதிரியில் வைக்க இடமில்லை. இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு என்ஜினின் வரலாற்றை அதன் உடம்பில் எழுதி வைத்திருக்கும் இடங்களே இவைதாம்.

புகைப்படத்திலிருந்து அளவெடுப்பது பொறுமை கேட்கும் வேலை. என்ஜினுக்கு நேர் எதிரே நின்று, சற்றுத் தொலைவிலிருந்து, நீண்ட லென்ஸால் எடுத்த படமே பயன்படும். சாய்வாக எடுத்த படத்தில் தொலைவில் உள்ள எழுத்துகள் குறுகிவிடும். படத்தில் நமக்கு உண்மை அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். டபிள்யூ.டி.எம்-2-இன் புதிய சக்கரத்தின் விட்டம் 1092 மில்லிமீட்டர், ஒய்.டி.எம்-4-க்கு 965 மில்லிமீட்டர். ஆனால் சக்கரத்தை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேய்ந்த சக்கரம் சிறுத்திருக்கும். மேலும் அது கேபினின் சுவரைவிட உள்ளே தள்ளி இருப்பதால் படத்தில் சற்றுச் சிறியதாகத் தெரியும். வரைபடத்தில் அளவு கிடைக்குமானால் கேபின் கதவு, சன்னல் சட்டம் போன்று எழுத்து இருக்கும் அதே தளத்தில் உள்ள பொருளே மேல். அப்படி ஒப்பிட்டு எண்ணின் உயரம் 250 மில்லிமீட்டர் என்று தேறினால் எச்.ஓ.வில் அது 2.9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோட்டின் தடிமன் 30 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தத் தடிமனைத்தான் பெரும்பாலோர் கூட்டிவிடுகிறார்கள்.

அளவு கிடைத்ததும் படத்தை இன்க்ஸ்கேப் போன்ற ஒரு வரைகலைச் செயலியில் அடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதன் மேல் கோடாக இழுத்து வரைகிறேன். இங்கே எனக்கு உதவியது மஞ்சக்குப்பத்தில் கடைப் பலகைகளும் துறைமுகத்தில் படகுப் பெயர்களும் எழுதி வந்த ஒரு பெரியவரின் பாடம். கணினியில் நான் எழுதி வைத்திருந்த எண்ணைக் காட்டியபோது, எழுத்து நன்றாக இருக்கிறது, இடைவெளிதான் எழுதியவனுடையது இல்லை என்றார். கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் ஒதுக்கப்பட்டிருக்கும். கணக்குப் பட்டியலில் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் 1 என்ற ஒல்லியான இலக்கத்தின் இருபுறமும் வெளி அதிகமாகி அது தனித்து நிற்கும். கையால் எழுதுகிறவர் சாக்பீஸ் நூல் அடித்து மேல்கோடும் கீழ்கோடும் போட்டபின், எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெளியைக் கண்ணால் அளந்து சமன் செய்வார். 1-ஐ அடுத்த இலக்கத்தின் பக்கம் நெருக்குவார். 7-க்கும் 4-க்கும் இடையில் இயல்பாகவே வெளி தோன்றுவதால் அவற்றை இன்னும் நெருக்குவார். “இடத்தையும் சேர்த்து எழுதணும் தம்பி, எழுத்தை மட்டும் எழுதினா அது அச்சு” என்று அவர் சொன்னதை வைத்துப் பழைய படங்களைத் திரும்பப் பார்த்தால், பல என்ஜின்களில் இந்தச் சமன் தெரிகிறது. சிலவற்றில் ஓவியர் சமமான கட்டங்கள் போட்டு எழுதியிருப்பதும் தெரிகிறது. அங்கே 1 தனித்துத்தான் நிற்கும். அதை நாம் திருத்தக் கூடாது. படம் சொல்வதே முடிவு.

இந்தி எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். தெற்கு ரயில்வேயின் பெயரையோ அதன் முதலெழுத்துகளையோ நாகரி எழுத்தில் வைக்கும்போது, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் தட்டச்சு செய்து நம்பிவிடக் கூடாது. தட்சிண் என்பதில் க்ஷ என்ற கூட்டெழுத்து வருகிறது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய இகரக் குறி, இந்திய மொழிகளைக் கையாளத் தெரியாத பழைய செயலிகளில் பின்னால் போய் நிற்கும், கூட்டெழுத்தும் இரண்டாகப் பிரிந்துவிடும். தமிழில் கெ, கொ ஆகியவற்றின் கொம்பு இடம் மாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படத்தின் மேல் கோடிழுத்து வரைந்தால் இந்தக் கவலையே இல்லை. நாகரியின் தலைக்கோட்டையும் கையால் எழுதியவர் எழுத்துக்கு எழுத்து விட்டிருக்கிறாரா, ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறாரா என்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது அச்சு. வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தைக் கருநீல உடம்பின் மேல் வைக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் பெரிய இடர், ஏனெனில் வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் உள்ள அச்சுப்பொறிகளில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மையைத்தான் அவை வெள்ளையாகக் காட்டுகின்றன. மஞ்சள் மை இருந்தாலும் அது ஒளி ஊடுருவும் மை. நீலத்தின் மேல் வைத்தால் பச்சை கலந்த அழுக்கு நிறமாகிவிடும். ஆல்ப்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய அச்சுப்பொறிகள் வெள்ளை மை நாடாவை ஏற்றுக்கொண்டதால் உலகெங்கும் மாதிரி செய்கிறவர்கள் அவற்றைப் போற்றி வைத்திருந்தார்கள். அவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வெள்ளை டோனர் போடும் லேசர் பொறிகள் இப்போது உண்டு என்றாலும் ஒருவர் தமக்கென வாங்கும் விலையில் இல்லை. வெள்ளை டீகால் தாளில் எழுத்தைச் சுற்றி உடம்பின் நிறத்தை அச்சிட்டு எழுத்தை மட்டும் வெறுமையாக விடும் வழியும் சொல்லப்படுகிறது. அச்சு நீலம் தூரிகை நீலத்தோடு முழுக்க ஒத்துப்போவதே இல்லை என்பதாலும், வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும் என்பதாலும் நான் அதை ஏற்பதில்லை.

நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது, மையை வலை வழியாக அழுத்தி இழுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது என் கருத்து. கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அச்சிடும் கடைகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் இருக்கின்றன. பெரிய டீகால் நிறுவனங்களும் இதே முறையில்தான் நெடுங்காலமாக அச்சிட்டு வருகின்றன. ஸ்கிரீன் மை கனமானது, ஒளியை மறைப்பது. கருநீலத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஆனால் கடைக்காரரிடம் சில விஷயங்களை விளக்கிச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு இழுக்கும் வலை போதாது. ஓர் அங்குலத்துக்கு 300 இழைக்கு மேல் உள்ள நெருக்கமான வலை இருந்தால்தான் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கோடு அறுபடாமல் வரும். எழுத்தை வலைக்கு மாற்ற உதவும் பிலிமை உயர்ந்த தெளிவில் எடுக்க வேண்டும். ஒரே எண்ணுக்காக வலை செய்வது வீண்செலவு என்பதால், ஒரு தாளில் பல எண்களையும் தனி இலக்கங்களையும் ஷெட் குறியீடுகளையும் நிரப்பிவிடுவது நல்லது. நண்பர்கள் சேர்ந்து ஒரு தாள் போட்டால் செலவும் பகிர்ந்துபோகும். பைக் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளை நாடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த வெட்டுப் பொறியின் கத்தி மூன்று மில்லிமீட்டர் எழுத்தின் உள்வளைவில் திரும்பாது, வினைலும் மிகத் தடித்தது. பெரிய அளவு மாதிரிகளுக்கு அதையே மறைப்பாக ஒட்டி, வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷால் எழுத்தைப் பூசலாம், எச்.ஓ.வுக்கு உதவாது.

பொடி எழுத்துகளுக்கு மட்டும் லேசர் அச்சு போதும், அவை வெளிர் நிறத்தின் மேல் கருப்பாக வருமிடங்களில். 50 மில்லிமீட்டர் உயரமுள்ள பழுதுபார்ப்புத் தேதி எச்.ஓ.வில் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சில் அந்த உயரத்துக்கு 13 புள்ளிகளே கிடைக்கும், 1200 புள்ளி அச்சில் 27. இரண்டாவதில் உருப்பெருக்கியால் படிக்க முடியும். படிக்க முடிகிறதா என்பதைவிட, அந்த இடத்தில் எழுத்து இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தேவை.

இனி ஒட்டும் வேலை. இதில் முதல் விதி, எழுத்து ஏறும் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது. பளபளப்பில்லாத மேட் வண்ணம் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். டீகாலின் படலம் மேடுகளின் மேல் படிந்து, பள்ளங்களில் காற்றைச் சிறைப்பிடிக்கும். அந்தக் காற்றில் ஒளி பட்டுச் சிதறி எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்தாற்போல் மின்னும். எந்த வார்னிஷாலும் அதைப் பின்னால் மறைக்க முடியாது. ஆகவே வண்ணம் நன்றாகக் காய்ந்தபின், டாமியா எக்ஸ்-22 போன்ற பளபளப்பு வார்னிஷை மெல்லிய பல அடுக்குகளாகப் பூசி, குறைந்தது இரண்டு நாளாவது தொடாமல் விட வேண்டும்.

கடலூர் போன்ற கடற்கரை ஊரில் இந்த வார்னிஷ்தான் ஆண்டின் காலக்கணக்கை முடிவு செய்கிறது. லாக்கர் வகைக் கரைப்பான்கள் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த படலத்தின் மேல் பனித்து, வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் நான் ஏர்பிரஷைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில் படம் பார்த்து எழுத்து வரைவதோடு சரி. கோடையில் ஈரம் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள், அது பாதி உண்மை. முற்பகலில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை காற்று உலர்ந்திருக்கும். கடற்காற்று ஊருக்குள் நுழைந்த பிறகு ஈரப்பதம் சட்டென ஏறிவிடும். எனவே கோடையிலும் காற்று திரும்புவதற்குள் வார்னிஷ் வேலையை முடித்துவிடுகிறேன். ஒரு சிறு ஈரப்பதமானி மேசையில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைகளில் வெளுப்பைத் தடுக்க மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சேர்ப்பார்கள்; அதே காரணத்துக்காக லாக்கர் வார்னிஷில் நாமும் சில துளிகள் சேர்க்கலாம், முதலில் ஒரு பிளாஸ்டிக் துண்டில் சோதித்துவிட்டு. டீகால் தாள்களையும் ஈரம் கெடுக்கும். அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். இல்லையேல் பசை நெகிழ்ந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எண்ணைப் புதிய பிளேடால், எழுத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடிகள் மட்டும் நனைத்து எடுத்து, ஈரத்தோடு ஒரு தட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். படலம் தாளை விட்டுத் தானே நகரத் தொடங்கும். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை கரைந்து போய்விடும். எங்கள் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் உப்பு மிகுந்தது, காய்ந்தபின் கருநீலத்தில் வெள்ளைத் திட்டு விடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எங்கும் கிடைக்கிறது, அதையே பயன்படுத்துகிறேன். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவத்தை முதலில் தடவ வேண்டும். அதில் வினிகரின் புளிப்பு மணம் வரும். அது பரப்பைத் துடைத்துப் பசையின் பிடிப்பைக் கூட்டுகிறது. அதன் மேல் படலத்தைத் தாளிலிருந்து நேரடியாக நகர்த்திவிட்டு, ஈரம் இருக்கும்போதே நிலையைச் சரி செய்ய வேண்டும். நிலைக்கு ஆதாரமாக, மெல்லிய மறைப்பு நாடாவைக் கேபின் சன்னலின் கீழ்விளிம்புக்கு இணையாக முன்கூட்டியே ஒட்டி வைத்தால் எண்ணின் அடி அந்த நாடாவைத் தொட்டு நிற்கும். உடம்பில் வண்ணப் பட்டை இருக்குமானால் அளவுகோலைவிட அந்தப் பட்டையையே நம்ப வேண்டும், ஏனெனில் பார்ப்பவரின் கண் எண்ணை அதோடுதான் ஒப்பிடும்.

ஈரத்தை மெல்லிய டிஷ்யூத் தாளால் மேலிருந்து ஒற்றியெடுத்து, படலம் பிடித்துக்கொண்டதும் மைக்ரோ சால் தடவ வேண்டும். இது படலத்தை மென்மையாக்கி, கதவுக் கீலிலும் இடுக்கிலும் பதிய வைக்கும். தடவிய சில நிமிடங்களில் படலம் சுருங்கிக் கோணலாகும். அந்த நேரத்தில் விரலும் தூரிகையும் அதன் அருகே போகக் கூடாது. காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும். இயந்திரத்தை மூடியிருக்கும் நீண்ட ஹூட்டின் பக்கக் கதவுகளின் மேல் ரயில்வேயின் பெயர் ஓடும் என்ஜின்களில், கதவுகளுக்கு இடையே உள்ள பிளவின் மேலும் படலம் பாலம்போல் நிற்கும். அது காய்ந்தபின் புதிய பிளேடால் பிளவின் நெடுகக் கீறி, மீண்டும் ஒருமுறை மைக்ரோ சால் விட்டால் இரு ஓரமும் உள்ளே மடிந்துவிடும். எழுத்து ஒவ்வொரு கதவின் மேலும் தனித்தனியாக எழுதியதுபோல் ஆகும். இந்த ஒரு வேலையைச் செய்த மாதிரிக்கும் செய்யாத மாதிரிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. உண்மையில் அந்தக் கதவுகள் திறப்பவை. எழுத்தும் அவற்றோடு பிரிந்தே ஆக வேண்டும். மறுநாள் சாய்வான ஒளியில் பார்த்து, எங்காவது காற்றுக் குமிழ் மின்னினால் ஊசி முனையால் குத்தி இன்னொரு துளி விடலாம். வேறு நிறுவனங்களின் மென்மையாக்கும் திரவங்கள் சில இதைவிட வலுவானவை, அக்ரிலிக் வண்ணத்தையே இளக்கிவிடும். என்ஜினின் அடிப்பக்கத்தில் சோதிக்காமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வெள்ளை எழுத்து ஓர் அடுக்கில் நீலம் பாய்ந்ததாகத் தெரிந்தால், முதல் எண் முழுக்கக் காய்ந்து மேலே வார்னிஷும் ஏறியபின், அதே எண்ணை அதன் மேலேயே இரண்டாம் முறை வைக்கலாம். நுணுக்கமான வேலை என்றாலும் பயன் உண்டு. அதற்கு முன், வெள்ளை உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டுமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக எழுதிய என்ஜினில்கூட எழுத்து அச்சுத்தாளின் வெண்மையில் இருப்பதில்லை. வெயிலிலும் டீசல் புகையிலும் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். அச்சிடக் கொடுக்கும்போதே மையில் மஞ்சளும் பழுப்பும் மிகச் சிறிது கலக்கச் சொல்வது என் வழக்கம்.

எல்லா எழுத்தும் அமர்ந்தபின், ஈரத்துணியால் பசையின் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மீண்டும் பளபளப்பு வார்னிஷ் ஓர் அடுக்கு பூசுகிறேன். படலத்தின் ஓரம் அதில் மூழ்கி மறையும். அதன் பின்னரே அழுக்கேற்றும் வேலை. இங்கும் புகைப்படத்தைத்தான் நம்ப வேண்டும். பொதுவாக எண்ணும் உடம்பும் ஒரே அளவுக்கு அழுக்காவதில்லை. உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும் படிந்திருந்தாலும், எண்ணைப் படிக்க வேண்டியவர்கள் அந்த இடத்தை மட்டும் துடைத்துவிடுவதால் எண்ணைச் சுற்றி ஒரு தெளிந்த திட்டு தெரியும். சில என்ஜின்களில் உடம்பு மங்கிய பிறகு எண்ணை மட்டும் திரும்ப எழுதியிருப்பார்கள். பழைய எண்ணின் நிழல் புதியதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அத்தகைய என்ஜினைச் செய்வதானால், முதலில் ஒரு எண்ணை வைத்து, அதன் மேல் உடம்பின் நிறத்தை மிக நீர்க்கக் கரைத்துப் பூசி மங்கச் செய்து, பிறகு புதிய எண்ணை ஓரிழை நகர்த்தி வைக்க வேண்டும்.

கடைசி அடுக்கு மேட் வார்னிஷ். அதன் புட்டியைப் பயன்படுத்துமுன் நன்றாகக் கலக்க வேண்டும், ஏனெனில் மங்கலைத் தரும் தூள் அடியில் தங்கியிருக்கும். கலக்காமல் பூசினால் ஓரிடம் பளபளக்கும், கடைசியில் வரும் அடியோ வெள்ளைப் பொடியாகப் படிந்து கருநீலத்தைச் சாம்பலாக்கிவிடும். மெல்லியதாக இரண்டு முறை போதும். இப்போது என் மேசையில் பளபளப்பு அடுக்கோடு காத்திருப்பது பொன்மலையின் ஒரு ஒய்.டி.எம்-4. அதன் எழுத்துத் தாள் வரைந்து முடிந்துவிட்டது, ஷெட் குறியீட்டின் ஓ மட்டும் படத்தில் கைப்பிடிக் கம்பியின் நிழலில் மறைந்திருப்பதால், அதே ஆண்டின் வேறொரு படம் கிடைக்கும்வரை பிலிம் எடுக்கக் கொடுக்கவில்லை.